ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்த அந்தத் தங்கைக்கு

போன வாரம் புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து பெங்களூருக்குக் கிளம்பினோம். கடலூர் மஞ்சக்குப்பத்தைத் தாண்டினாலே வாந்தி வரும் என் அம்மாவுக்கு, 68 வயதில் முதல் விமானப் பயணம். ஜன்னல் சீட் கிடைக்கவில்லை.

பக்கத்தில் இருந்த பெண், கேட்காமலேயே எழுந்தாள். "நீங்க இங்க வாங்கம்மா, நான் அடிக்கடி போறவதான்."

நாங்கள் போனது ஏடிஆர் ரக விமானம், காற்றாடி வைத்தது. இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே எதுவும் மறைக்காது. அதையும் அவள்தான் சொன்னாள். மேலேறியதும் கரையோரம் கலங்கலாகவும், தள்ளிப் பச்சையாகவும், அப்புறம் நீலமாகவும் கடல். திரும்பியபோது ஊசுட்டேரி, கீழே வைத்த தாம்பாளம் மாதிரி பளபளத்தது. அம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். வாந்திக்காக நான் மடித்து வைத்திருந்த பை அப்படியே இருந்தது. "ஏரிக்குள்ள மேகத்தோட நிழல் போவுது பாருடா" என்றார். எனக்கு அம்மாவின் பின்னந்தலைதான் தெரிந்தது, சரி, பரவாயில்லை.

இறங்கிய அவசரத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை. நீலச் சுடிதார், மடியில் முறுக்குப் பொட்டலம். தங்கச்சி, ரொம்ப நன்றிம்மா. அம்மா இன்னும் தெருவில் எல்லோரிடமும் அந்த ஏரியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.