மகளுக்கு, மாமாவின் ரத்த அறிக்கையுடன்

மன்னார்குடி

அன்பு மகளுக்கு,

ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைப் பார்க்கும் ஏ.பி.டி.டி. சோதனை இயல்பாக வந்துவிட்டது, மாமாவுக்கு இருக்கும் ஹீமோபீலியா (ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்) பற்றி இனிக் கவலையில்லை என்று எழுதியிருந்தாய். 28 ஆண்டுகள் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்த எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. ரத்தம் உறைய உதவும் புரதமான எட்டாம் காரணி, இயல்பான அளவில் ஏறத்தாழ 30, 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் அதில் உறையும் நேரம் நீளும். ஹீமோபீலியா மரபணுவைச் சுமக்கும் பெண்கள் பலருக்கு அளவு அதற்கு மேலேயே நிற்கும்.

மாமா சிறுவயதில் வரப்பில் தடுக்கி விழுந்து முழங்கால் வீங்கியபோது, நீர் கோத்துக்கொண்டது என்று பற்றுப் போட்டே காலத்தைக் கழித்தோம். நான் வேலையில் சேர்ந்த பிறகுதான் முறையாகப் பார்த்தோம். அப்போதும் முதலில் போன இடத்தில் நீலமூடிக் குழாயில் பாதிதான் ரத்தம் எடுத்தார்கள். 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட் (ரத்தம் உறையாமலிருக்க அந்தக் குழாயில் இருக்கும் திரவம்) என்ற கணக்கு தவறினால் உறையும் நேரம் பொய்யாக நீளும் என்று வாதாடி மறுபடி எடுக்கவைத்தேன். அப்போதும் ஏ.பி.டி.டி. நீண்டிருந்தது, உறைதலின் வேறொரு பாதையைப் பார்க்கும் பி.டி. சோதனை இயல்பாக இருந்தது; நல்ல பிளாஸ்மாவைச் சமபங்கு கலந்ததும் நேரம் சரியானதால், ரத்தத்தில் காரணியை முடக்கும் தடுப்பான் இல்லை, ஏதோ ஒரு காரணிதான் குறைவு என்று புரிந்தது. எட்டாம் காரணி 1 சதவீதத்துக்கும் கீழே. எட்டாம் காரணியைத் தாங்கிக் காக்கும் வான் வில்பிராண்ட் காரணி சரியாகவே இருந்தது. கடுமையான ஹீமோபீலியா ஏ என்று அன்று உறுதியாயிற்று.

சென்ற ஆண்டு அவருடைய எட்டாம் காரணி மரபணுவில், 22ஆம் இன்ட்ரான் என்ற இடத்தில் முறிந்து ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியிருப்பதைக் கண்டார்கள். கடுமையான நோயுள்ளவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான். என் ரத்தத்திலும் அதுவே இருந்தது. இதை உன்னிடம் முன்பே சொல்லாதது என் பிழை. எனக்கு அது இருப்பதால் உனக்கும் அது இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருந்தால், பிறக்கும் ஒவ்வோர் ஆண்குழந்தைக்கும் நோய் வர அதே வாய்ப்பு.

எட்டாம் காரணியின் அளவையும் மரபணுவையும் கருத்தரிக்கும் முன்பே பார்த்துவிடு. கர்ப்பத்தில் எட்டாம் காரணி உயர்ந்துவிடும் என்பதால், உன் இயல்பான அளவு அப்போது தெரியாது. பிரசவத்தின்போது உனக்கே ரத்தப்போக்கு அதிகமாகுமா என்பதற்கும் அந்த அளவு வேண்டும். மரபணுவை வரிசையாகப் படிக்கும் சாதாரணப் பரிசோதனையில் இந்தத் திருப்பம் தென்படாது, அதற்கெனத் தனிச் சோதனை உண்டு. ‘இன்ட்ரான் 22 இன்வர்ஷன்’ சோதனை என்று பெயர்சொல்லிக் கேள்.

மாமாவின் அறிக்கை நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், மருத்துவரிடம் முதலில் அதைக் காட்டு. ரத்தம் எடுக்கும்போது குழாய் கோடுவரை நிரம்புகிறதா என்று நீயே பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா