சிறுத்தையும் சிவிங்கியும்: இயற்கை நூல்களில் பெயர் படும் பாடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்டுயிர், சுற்றுச்சூழல் பற்றிய தமிழ் நூல்கள் புத்தகக் காட்சிகளில் இப்போது தனி அடுக்கு பிடிக்கும் அளவுக்கு வருகின்றன. நல்ல தாள், வண்ணப் படங்கள், உருக்கமான முன்னுரை எல்லாம் இருக்கின்றன. கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் மட்டும் சொல்லடைவு, அதாவது பெயர்களையும் அவை வரும் பக்கங்களையும் தரும் அகரவரிசைப் பட்டியல், இருக்காது. உள்ளே ஒரே விலங்கு மூன்று பெயரில் வரும்; இரண்டு விலங்குகள் ஒரே பெயரில் வரும். சொல் அழகைப் பற்றிய குறையாக இதைச் சொல்லவில்லை. பெயர் மாறினால் செய்தியே மாறிவிடுகிறது என்பதால் எழுதுகிறேன்.

2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டு விலங்குகள் மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்கு வந்தன. பல தமிழ்ச் செய்திகள் அவற்றைச் சிறுத்தை என்றே எழுதின. கூடவே, இந்தியாவில் இவ்விலங்கு அற்றுப்போனதாக 1952-இல் அறிவிக்கப்பட்டது என்ற வரியும் இருந்தது. வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் வாரந்தோறும் சிறுத்தை நடமாட்டம் பற்றிப் பேசும் தொழிலாளி இதைப் படித்தால் என்ன நினைப்பார்? வந்தது சிவிங்கி, சிவிங்கிப்புலி என்றும் சொல்வார்கள். மன்னர்கள் வேட்டைக்குப் பழக்கிய விலங்கு அதுதான். சிறுத்தையின் உடலில் பூவிதழ்போல் வளைந்த புள்ளிக்கூட்டங்கள் இருக்கும். சிவிங்கிக்குத் தனித்தனியான நிறைபுள்ளிகள், கண்ணிலிருந்து வாயோரம்வரை கண்ணீர் வழிந்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு. இரண்டே வரியில் தீரும் வேறுபாடு. அந்த இரண்டு வரி இல்லாமல் முழு அத்தியாயம் எழுதிய நூல்களும் உண்டு.

காட்டெருமை என்ற சொல்லும் இப்படித்தான். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சாலையைக் கடக்கும், முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோன்ற விலங்கு எருமை இனமே அல்ல. அது மாட்டினம், காட்டுமாடு. சங்க நூல்கள் ஆமா என்று அழைத்ததும் இதைத்தான். உண்மையான காட்டெருமை அசாம், சத்தீஸ்கர் பக்கம் எஞ்சியிருக்கிறது, தமிழகத்தில் இல்லை. மக்கள் பேச்சில் காட்டெருமை இருந்துவிட்டுப் போகட்டும். நூலாசிரியர் முதல் முறை வரும் இடத்தில் ஒரு விளக்கம் தந்துவிட்டு, பிறகு ஒரே பெயரைக் கடைசிவரை பிடித்துக்கொள்ள வேண்டும்.

மொழிபெயர்ப்பில் வரும் சிக்கல் வேறு வகை. நம் ஊர்க் கரடியை, ‘ஸ்லாத் பேர்’ என்ற ஆங்கிலப் பெயரை வைத்துச் ‘சோம்பல் கரடி’ என்று எழுதுகிறார்கள். 1791-இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், நீண்ட நகங்களைப் பார்த்துத் தென் அமெரிக்காவின் மரத்தில் தொங்கும் ‘ஸ்லாத்’ விலங்கின் இனம் என்று தவறாகக் கணித்தார். அந்தப் பிழையின் எச்சம்தான் ஆங்கிலப் பெயர். கரையான் புற்றை உடைத்து இரவெல்லாம் அலையும் விலங்கைச் சோம்பேறி என்று நாமும் ஏன் தமிழில் பழிக்க வேண்டும்? கரடி என்றால் போதும்.

பறவைகளில் இது இன்னும் மோசம். தேன்சிட்டு ‘சூரியப் பறவை’ ஆகிறது. பஞ்சுருட்டான் ‘தேனீ தின்னி’ ஆகிறது. பனங்காடைக்கும் கொண்டலாத்திக்கும் தமிழில் பெயரே இல்லாததுபோல் ஆங்கில ஒலியைத் தமிழ் எழுத்தில் போட்டுவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். அதற்காக நாட்டுப் பெயர்கள் எல்லாம் இனத்தைச் சரியாகச் சொல்லிவிடும் என்றும் இல்லை. பனங்காடை காடையினம் அல்ல. குண்டுகரிச்சானுக்கும், இரட்டைவால் குருவி என்கிற கரிச்சானுக்கும் உறவில்லை. அதனால்தான் நாட்டுப் பெயரோடு அறிவியல் பெயரும் வேண்டும் என்கிறோம்.

ரேச்சல் கார்சன் 1962-இல் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ நூலின் ராபின் பறவைகளை எடுத்துக்கொள்ளுங்கள். எல்ம் மரங்களுக்கு டிடிடி பூச்சிக்கொல்லி தெளித்தார்கள். உதிர்ந்த இலையை மண்புழு தின்றது. மண்புழுவை ராபின் தின்று செத்தது. பதினோரு பெரிய மண்புழுக்களே ஒரு ராபினைக் கொல்லும் அளவு நஞ்சைக் கடத்தக்கூடும் என்பது அந்நூல் தரும் கணக்கு. இந்த ராபின் அமெரிக்காவின் பூங்குருவி இனம், தரையில் குதித்து மண்புழு பிடுங்கும் பறவை. ஆங்கிலப் பெயரில் ராபின் இருக்கிறதே என்று நம் குண்டுகரிச்சானையோ கருஞ்சிட்டையோ அந்த இடத்தில் போட்டால் வாதத்தின் ஒரு கண்ணி அறுந்துவிடும், ஏனென்றால் அவை பெரும்பாலும் பூச்சியை நம்பி வாழ்பவை. ‘ராபின் எனும் அமெரிக்கப் பூங்குருவி’ என்று ஒருமுறை எழுதினால் போதும்.

பெயர்க் குழப்பம் உயிரோடு விளையாடும் இடம் பாம்பு. கட்டுவிரியன் பெயரில்தான் விரியன். உண்மையில் அது நல்லபாம்பின் குடும்பம். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கடித்தால் கடிவாய் வீங்கும், வலிக்கும், இரத்தம் உறையாமல் கசியும். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வீக்கம் இருக்காது, வலியும் தெரியாமல் போகலாம், பல்தடம்கூடக் கண்ணுக்குப் படாது. சில மணி நேரத்தில் வயிற்றுவலி, இமை சரிவது, பேச்சுக் குழறுவது, பிறகு மூச்சுத் திணறல். ‘விரியன் கடித்தால் வீங்கும்’ என்று பொதுவாக எழுதிய நூலைப் படித்தவர், வீக்கம் இல்லையே என்று விடியும்வரை காத்திருப்பார். கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை 20 நிமிடம் அசையாமல் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. விரியன் நஞ்சைக் கண்டுபிடிக்க அது உதவும். கட்டுவிரியன் கடித்தவருக்கு அதில் இரத்தம் சரியாகவே உறையும். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் அந்தச் சோதனையை மட்டும் விவரிப்பது ஆபத்து.

படத்திலும் பிழை வருகிறது. கட்டுவிரியன் என்று அச்சிட்ட படத்தில் நஞ்சில்லாத ஓநாய்ப் பாம்பு இருக்கும். வெண்பட்டைகளைப் பார்த்தால் பிரித்துவிடலாம். கட்டுவிரியனுக்கு அவை மெல்லியவை, பெரும்பாலும் இரண்டிரண்டாக, கழுத்தை விட்டுத் தள்ளித் தொடங்கி வாலை நோக்கித் தெளிவாகும். ஓநாய்ப் பாம்புக்குக் கழுத்தருகிலேயே தொடங்கி வால்பக்கம் மங்கும். கட்டுவிரியனின் முதுகு நடுவே ஓடும் செதில் வரிசை மற்றவற்றைவிடப் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். வாசகர் பாம்பைக் கையில் பிடித்துச் சரிபார்க்க இதைச் சொல்லவில்லை, அச்சுக்குப் போகும் படத்தைப் பதிப்பாசிரியர் சரிபார்ப்பதற்காகச் சொல்கிறேன். முதலுதவிப் பகுதியில் வெளிநாட்டு நூலைப் பார்த்துக் கீறு, உறிஞ்சு, இறுகக் கட்டு என்று எழுதியிருந்தால் மொத்தமாக அடித்துவிட வேண்டும். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் இங்கு வழி. இந்தியாவில் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குமானது. பாம்பை அடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை என்பதையும் அதே பத்தியில் சேர்க்கலாம்.

கழுகும் பாறும் இன்னொரு தொல்லை. இரண்டையும் கழுகு என்றே எழுதுவதால், மாட்டுக்குப் போட்ட வலிமருந்தால் கழுகுகள் அழிந்தன என்று வாசகர் மனத்தில் பதிகிறது. அழிந்தவை பாறுகள், பிணந்தின்னிகள். மாடு சாவதற்குச் சற்று முன் டைக்ளோஃபினாக் என்ற அந்த வலிமருந்தை ஊசியாகப் போட்டிருந்தால், அந்த இறைச்சியைத் தின்ற பாறின் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளின்மேல் யூரிக் அமிலம் வெள்ளைப் படிவாகப் படியும். 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் எஞ்சின. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் அவை கூடு கட்டுகின்றன.

இதே கதையில் மறுபதிப்புக் கோளாறும் சேர்ந்துகொள்கிறது. டைக்ளோஃபினாக்கை மாட்டு மருந்தாகத் தயாரிக்க 2006-இல் தடை வந்தது. மனிதருக்கான 30 மில்லி குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015-இல் ஊசிக் குப்பியின் அளவு 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. பாறுக்குத் தீங்கான வேறு வலிமருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் 2023-இல் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து தடை செய்யப்பட்டன. பாறுக்குத் தீங்கற்ற மாற்று மெலாக்சிகாம். 2006-ஓடு நின்றுவிட்ட அத்தியாயத்தை அப்படியே மறுபதிப்புச் செய்தால், கால்நடை வளர்ப்பவருக்குத் தேவையான பாதிச் செய்தி இல்லாமல் போகிறது. வனவுயிர் பாதுகாப்புச் சட்டமும் அப்படித்தான். 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆறு அட்டவணைகள் இருந்தன. 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபின் நான்குதான். ‘ஐந்தாம் அட்டவணை’ என்று இன்றும் அச்சாகும் நூல் எந்தச் சட்டத்தைச் சொல்கிறது? வரையாட்டின் எண்ணிக்கை எழுதினால் ஆண்டையும் எழுதுங்கள்: தமிழகத்தில் 2024 கணக்கெடுப்பில் 1,031, 2025-இல் 1,303. ஆண்டு இல்லாத எண்ணால் யாருக்கும் பயனில்லை. மில்லியனை லட்சம் என்று மாற்றிவிடும் பழைய பிழையும் (ஒரு மில்லியன் பத்து லட்சம்) இன்னும் போனபாடில்லை.

தாவரங்களில் ஓர் எடுத்துக்காட்டு போதும். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டபோது ஊரெங்கும் அரிவாள் எழுந்தது. நாட்டுக் கருவேலத்துக்குப் பூ மஞ்சள் பந்துபோல் உருண்டை. காய் மணிமாலைபோல் இடையிடையே இறுகிச் சாம்பல் பூத்திருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ வெளிர்மஞ்சள் கதிராகத் தொங்கும். காய் மஞ்சளாக நீண்டிருக்கும். பூவில்லாத காலத்தில் முள்ளை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். வெறுமனே ‘கருவேல மரங்களை ஒழிப்போம்’ என்று தலைப்பிடும் நூல் எந்த மரத்தின் தலையில் கைவைக்கச் சொல்கிறது?

இதைச் சரிசெய்யப் பெரும் செலவில்லை. முதல் அத்தியாயத்தைத் தொடங்கும்முன் ஒரு பட்டியல் போட வேண்டும்: மூலத்தில் உள்ள பெயர், அறிவியல் பெயர், நூலில் ஆளப்போகும் ஒரே தமிழ்ப் பெயர், மற்ற வட்டாரப் பெயர்கள். கடமானைத் தெற்கே மிளா என்பார்கள். எறும்புத்தின்னிக்கு அழுங்கு, அலங்கு என இரு வடிவம். இரண்டையும் அடைவில் போட்டு முதன்மைப் பெயருக்கு வழிகாட்டினால் போதும். பறவைகளுக்கு க. ரத்னம் தொகுத்த பெயர்கள் கைகொடுக்கும். தமிழ்ப் பேரகராதி மரஞ்செடிகளுக்கு அறிவியல் பெயர் தருகிறது, ஆனால் அவற்றில் பல இப்போது மாறிவிட்டன. கருவேலத்தை அக்கேசியா என்றது பழைய வழக்கு, இன்று வாச்செல்லியா. வரையாடும் 2005-இல் பேரினம் மாறியது. ஆகவே பழைய அகராதியிலிருந்து எடுத்த பெயரை இன்றைய பட்டியலோடு ஒருமுறை ஒத்துப்பார்க்க வேண்டும்.

அடைவைக் கணினியில் அகரவரிசைப்படுத்தும்போதுதான் பலர் கைவிடுகிறார்கள். காரணம் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு ஆகியவை எழுத்துக்கு முன்னே தட்டச்சாகும். வரிசைப்படுத்தினால் செந்நாய், கொண்டலாத்தி, வெள்ளெலி மூன்றும் ஒரே கூட்டமாகப் போய் நிற்கும். ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றினாலும் முழுத் தீர்வு இல்லை. அது எழுத்துகளுக்குத் தரும் எண்வரிசையில் ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, ல-வை அடுத்து ள, ழ, பிறகுதான் வ. அதனால் கவுதாரிக்கு முன்னே கழுதைப்புலி வந்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளியும் பிந்திவிடும், அக்காக்குயிலுக்கு முன்னே அகத்தி நிற்கும். விரிதாளில் வரிசைப்படுத்தும் மொழியாகத் தமிழைத் தெரிவுசெய்தால் இந்தக் கோளாறுகள் போய்விடும். வடவெழுத்தில் தொடங்கும் சொற்களை மட்டும் கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். பக்க எண்ணைக் கடைசி மெய்ப்பு முடிந்தபின் போடுங்கள். முன்பே போட்டால் ஒரு படம் நகர்ந்ததும் அத்தனையும் பிழையாகும்.

தாள் செலவு ஏறுமே என்று பதிப்பகத்தார் சொல்வது வழக்கம். 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று அச்சாகும் நூலில் 180 பக்க உள்ளடக்கத்துக்கு 12 ஃபாரம், அதாவது 192 பக்கம் ஓட்டியாக வேண்டும். மீதி 12 பக்கம். முதன்மைப் பெயர் 200, வட்டாரப் பெயர் 250 என்று வைத்தாலும் இரண்டு பத்தியாக, பக்கத்துக்கு 70 வரி போட்டால் ஏழு பக்கத்தில் அடங்கிவிடும். மிச்ச ஐந்து பக்கத்தில் வழக்கம்போல் தங்கள் மற்ற வெளியீடுகளின் விளம்பரத்தைப் போட்டுக்கொள்ளட்டும்.

உங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். நூல் அறிமுகத்தின் கீழே பதிப்பகம், பக்கம், விலை, தொலைபேசி எண் என்று ஒரு கட்டம் போடுகிறீர்கள். இயற்கை நூல்களுக்கு அதில் ஒரு வரி கூட்டுங்கள்: சொல்லடைவு உண்டா, இல்லையா.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்.