ஸ்கின்னர் பிரம்பு கேட்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உளவியல் பக்கத்தைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அடியாத மாடு படியாது என்பதைத்தான் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் நடத்தைவாதமும், அதாவது விளைவுகளைக் கொண்டு நடத்தையைப் பழக்கலாம் என்ற கொள்கையும், சொல்கிறதாம். தோட்டக்காட்டுப் பிள்ளைகளுக்கு, அதாவது இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு, அது நன்றாகப் பொருந்துமாம்.

ஸ்கின்னர் எலியையும் புறாவையும் தீனி கொடுத்துப் பழக்கியவர். தண்டனை அந்த நேரத்துக்கு அடக்கிவைக்குமே தவிர ஆளை மாற்றாது என்று எழுதியவர். பிரம்புக்கு அவரைச் சாட்சிக்கு இழுப்பது அநியாயம். உங்களுக்குத் தெரியாததல்ல.

நானும் அடித்தவன்தான். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் முதல் நியமனம். தரம் 4இல் ஒரு பையன் முதல் பாடத்திலேயே தூங்கிவிடுவான். உள்ளங்கையில் இரண்டு போட்டேன். அப்புறம் ஒரு நாள் பின்னேரம் அவர்கள் லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு, போனேன். அம்மா குவைத்தில். அப்பா விடியவே பிரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்விடுவார். தங்கச்சியைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் (குழந்தைகள் காப்பகத்தில்) விட்டுவிட்டு, வெறும் தேத்தண்ணியோடு பள்ளிக்கு ஓடிவருகிறான் பையன். நான் போன நேரம் இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், டீச்சர் விளையாட்டு. ஒரு தேயிலை மிலாறை (குச்சியை) பிடித்துக்கொண்டு தங்கச்சியைக் கை நீட்டச் சொன்னான். அப்படியே என் குரல்.

பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் தாமும் அப்படியே அடித்ததை 1961இல் உளவியலாளர் பண்டுரா காட்டினார். ஆசிரியர் கலாசாலையில் அதைப் படித்தபோது எனக்கு அந்த மிலாறுதான் கண்முன் நின்றது. பசியும் உறக்கமும் தீராமல் மற்றத் தேவைகள் தலைதூக்காது என்று உளவியலாளர் மாஸ்லோ 1943இலேயே எழுதினார். தாயைப் பிரிந்த பிள்ளையின் தவிப்பை மனநல மருத்துவர் போல்பி எழுதினார். அந்தப் பையனை எனக்குப் புரியவைத்தவர்கள் இவர்கள். உங்கள் கட்டுரையில் இவர்கள் பெயரே இல்லை. பாடசாலையில் அடிக்கக்கூடாது என்று 2005இல் கல்வி அமைச்சு விட்ட சுற்றறிக்கையும் இல்லை.

எங்களை இழிவுபடுத்தும் 'தோட்டக்காடு' என்ற சொல்லைப் பற்றி முன்பும் இரண்டு தடவை எழுதினேன். பதில் வரவில்லை. பரீட்சை முடிவு வரும்போது மட்டும் 'லயத்தில் பிறந்து சாதனை' என்று எங்கள் பிள்ளைகளின் படத்தைப் பெரிதாகப் போடுகிறீர்கள். முப்பது வருடமாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவன் என்ற உரிமையில் கேட்கிறேன், மற்ற நாட்களில் அவர்கள் மாடுகளா?

நேற்று ஓர் இளம் ஆசிரியர் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு வந்து, "பேப்பரிலேயே போட்டிருக்கிறார்களே சேர்" என்று என்னிடம் காட்டினார். ஆகவே வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். அவரிடம் நான் காட்ட வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
ஹட்டன்