பிறந்த ஊரைப் போட்டீர்கள், மசோதாவைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க நாடாளுமன்றத்தில் இருக்கும் இந்திய வம்சாவளியினரைப் பற்றிப் போன ஞாயிற்றுக்கிழமை அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். அதில் பிரமிளா ஜெயபாலுக்கு நான்கு வரி. சென்னையில் பிறந்தவர், 16 வயதில் படிக்கப் போனவர், பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வான முதல் இந்திய வம்சாவளிப் பெண். முடிந்தது. அங்கே போய் உட்கார்ந்து என்ன செய்தார், எதற்கு ஓட்டுப் போட்டார், எதில் தோற்றார், ஒன்றும் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே படிப்பைப் போடுவார்களே, அந்த மாதிரி முடித்துவிட்டீர்கள்.

முதலில் இந்த 'நம்ம ஊர்' கணக்கையே கொஞ்சம் பார்ப்போம். ஜெயபால் 1965-ல் சென்னையில் பிறந்தார், சரி. ஆனால் பெற்றோர் மலையாளிகள், அவர் வளர்ந்தது இந்தோனேசியாவிலும் சிங்கப்பூரிலும். அவர் அரசியல் செய்கிற, வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் அதே சியாட்டில் நகரில் கவுன்சிலராக இருந்த இன்னொரு பெண் க்ஷமா சாவந்த். புணேயில் பிறந்தவர், ஆனால் தமிழ்க் குடும்பம். பிறந்த ஊரை வைத்துப் பெருமைப்படுவதா, வீட்டு மொழியை வைத்துப் பெருமைப்படுவதா என்று நாமே முடிவு செய்யாமல் இரண்டு பேரையும் கொண்டாடலாம் போல. அதுவும் நமக்குச் சௌகரியமான வரைக்கும்தான். 2019 டிசம்பரில் காஷ்மீர் கட்டுப்பாடுகளை நீக்கச் சொல்லி இதே ஜெயபால் தீர்மானம் கொண்டுவந்தபோது, அவர் வருகிறார் என்பதற்காகவே அமெரிக்க நாடாளுமன்றக் குழுவுடனான சந்திப்பை நம் வெளியுறவு அமைச்சர் ரத்து செய்தார். அன்றைக்கு யாரும் 'சென்னைப் பெண்' என்று சொல்லவில்லை.

அவர் செய்த வேலைக்கு வருகிறேன். நான் ஓர் ஆடிட்டர் ஆபீசில் 30 வருடத்துக்கு மேல் கணக்கு எழுதியவன், எனக்கு அரசியல்வாதியின் பேச்சைவிட மசோதாவில் உள்ள எண்கள்தான் கண்ணில் படும்.

2014 தொடக்கத்தில் ஜெயபால் எந்தப் பதவிக்கும் தேர்வாகியிருக்கவில்லை. குடியேறியவர்களுக்காக அவர் 2001-ல் தொடங்கிய அமைப்பை விட்டு வெளியே வந்திருந்தார். வருமான ஏற்றத்தாழ்வைப் பற்றி ஆலோசனை சொல்ல சியாட்டில் மேயர் ஒரு குழு போட்டார். முதலாளிகள், தொழிற்சங்கக்காரர்கள் எல்லாரும் இருந்த அந்தக் குழுவில் ஜெயபாலும் இருந்தார், சாவந்தும் இருந்தார். அப்போது அந்த மாநிலத்தில் மணிக்கு 9.32 டாலர்தான் குறைந்தபட்சக் கூலி. அதை 15 டாலராக உயர்த்தும் சட்டம் ஜூன் மாதம் மாநகர மன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. ஒரே நாளில் இல்லை, 500 பேருக்கு மேல் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்குச் சீக்கிரம், சின்னக் கடைகளுக்குப் பல வருட அவகாசம். இவ்வளவு மெதுவாகவா என்று சாவந்த் சண்டை போட்டார், போட்டுவிட்டு ஆதரித்து ஓட்டும் போட்டார். 2025-ல் அந்த ஊரில் குறைந்தபட்சக் கூலி 20.76 டாலர். அமெரிக்கா முழுவதற்குமான தேசியக் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையில் 7.25 டாலர் ஆனது, அதே இடத்தில்தான் நிற்கிறது. ஒரே நாடு.

இதில் மறுபக்கமும் உண்டு. கூலி ஏறியதும் முதலாளிகள் வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள், அதனால் கையில் வந்த பணமே குறைந்தது என்று 2017-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று சொன்னது. உணவகங்களில் அப்படி நடக்கவில்லை என்று கலிஃபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகக்காரர்கள் சொன்னார்கள். அடுத்த வருடம் முதல் குழுவே, ஏற்கெனவே வேலையில் இருந்த அனுபவசாலிகளுக்கு லாபம்தான் என்று எழுதியது. புதிதாக வேலைக்கு வருகிறவன் பாடு இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. ஜெயபாலின் மேடைப் பேச்சில் இந்தச் சிக்கலுக்கு இடம் இருப்பதில்லை, அது எனக்குக் குறைதான்.

எனக்கு உண்மையிலேயே ஆர்வம் வந்தது செல்வ வரியில். 2021 மார்ச்சில் செனட்டில் எலிசபெத் வாரனும், சபையில் ஜெயபாலும் பிரெண்டன் பாயிலும் சேர்ந்து ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். ஒரு குடும்பத்தின் நிகரச் சொத்து 5 கோடி டாலரைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு வருடம் 2 சதவீதம். 100 கோடி டாலரைத் தாண்டிய பகுதிக்கு இன்னும் ஒரு சதவீதம் கூடுதல். 6 கோடி டாலர் வைத்திருக்கிறவர் கட்ட வேண்டியது 2 லட்சம் டாலர், அவ்வளவுதான். 5 கோடிக்குக் கீழே இருந்தால் ஒரு காசு கிடையாது.

இதைப் படித்ததும் எனக்குப் பழைய நினைவு வந்துவிட்டது. நம் நாட்டிலும் 1957 சட்டப்படி செல்வ வரி இருந்தது, கடைசி வருடங்களில் 30 லட்சத்துக்கு மேல் ஒரு சதவீதம். மார்ச் மாதம் வந்தால் கட்சிக்காரர்கள் (நாங்கள் வாடிக்கையாளர்களை அப்படித்தான் சொல்வோம்) நகையை எடை போட்டு எழுதிக்கொடுப்பார்கள். அந்த எடையை நம்பினால் மயிலாப்பூரில் ஒரு வீட்டிலும் ஒட்டியாணமே இருந்ததில்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டும். காலி மனைக்கு வழிகாட்டி மதிப்பா, சந்தை மதிப்பா என்று மாதக்கணக்கில் இழுக்கும். வேடிக்கை என்னவென்றால் 1993 முதல் கம்பெனிப் பங்குகளுக்கு அந்த வரி கிடையாது. அதாவது பெரும் பணக்காரனின் சொத்து எங்கே இருக்கிறதோ அதை விட்டுவிட்டு, பாட்டியின் வளையலையும் இரண்டாவது வீட்டையும் பிடித்துக்கொண்டிருந்தோம். மொத்த வசூலே வருடத்துக்கு ஆயிரம் கோடி ரூபாய் அளவுதான். 2015 பட்ஜெட்டில் அருண் ஜெட்லி அதை எடுத்துவிட்டு, ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீதம் கூடுதல் சர்சார்ஜ் போட்டபோது நான் உட்பட ஆபீசில் யாரும் அழவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், ஜெயபால் மசோதாவில் இந்த ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். பங்கும் சேர்த்துத்தான் கணக்கு. வரி கட்ட வேண்டிய குடும்பங்களில் குறைந்தது 30 சதவீதத்தை ஒவ்வொரு வருடமும் தணிக்கை செய்ய வேண்டும், குடியுரிமையை உதறிவிட்டு ஓடினால் 40 சதவீதம் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்றெல்லாம் விதி. எழுதியவர்களுக்கு ஆளைத் தெரிந்திருக்கிறது! பங்குச் சந்தையில் பட்டியலிடாத, குடும்பத்துக்குள்ளேயே இருக்கும் கம்பெனியை எப்படி மதிப்பிடுவது என்ற தலைவலி மட்டும் அங்கேயும் தீராது, அதை நான் பட்டறிந்து சொல்கிறேன். நேரடி வரியை மாநிலங்களின் மக்கள்தொகைப்படி பிரித்துத்தான் போட வேண்டும் என்று அவர்கள் அரசியல் சட்டத்தில் இருக்கும் விதியும் குறுக்கே நிற்கும். அந்த மசோதா ஓட்டெடுப்புக்கே வரவில்லை.

அப்புறம் இன்னொன்று. கல்லூரி முடித்ததும் ஜெயபால் முதலில் வேலைக்குப் போன இடம் வால் ஸ்ட்ரீட், பெயின்வெபர் என்ற நிறுவனம். கம்பெனிகளைக் கடன் வாங்கி வளைத்துப்போடும் வியாபாரத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் வேலை. அவரை அமெரிக்காவுக்கு அனுப்பப் பெற்றோர் சேமிப்பில் இருந்த சுமார் 5,000 டாலரை மொத்தமாகத் துடைத்து எடுத்தார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார், அப்படி வந்த பெண் அந்த நாற்காலியை விட்டு எழுந்ததே பெரிய விஷயம். 2017-ல் செனட்டர் பெர்னி சாண்டர்சுடன் சேர்ந்து அரசுக் கல்லூரிகளில் கட்டணத்தை நீக்கும் மசோதா கொண்டுவந்தார். பணத்துக்கு அவர்கள் காட்டிய வழி, பங்கு கைமாறும்போதெல்லாம் 100 டாலருக்கு 50 சென்ட் வரி. பழைய முதலாளிகளின் கல்லாப்பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் கொண்டுவந்த வரி அது.

தொகுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமேசானின் தலைமையகம் இவர் தொகுதிக்குள் இருக்கிறது. 2020 ஜூலையில் நான்கு பெரிய டெக் கம்பெனித் தலைவர்களையும் விசாரித்த குழுவில் ஜெயபால் இருந்தார். உங்கள் தளத்தில் கடை போட்டிருக்கும் சின்ன வியாபாரிகளின் விற்பனைத் தகவலைப் பார்த்து உங்கள் ஆட்கள் சொந்தச் சரக்குத் தயாரிக்கிறார்களா என்று ஜெஃப் பெசோசிடம் கேட்டார். அதற்கு எதிராக எங்களிடம் விதி இருக்கிறது, ஆனால் அது ஒருபோதும் மீறப்படவில்லை என்று உறுதி சொல்ல முடியாது என்கிற மாதிரி பதில் வந்தது. சொந்தத் தொகுதியின் மிகப் பெரிய முதலாளியைக் கூண்டில் ஏற்றிக் கேட்க எத்தனை உறுப்பினர்கள் துணிவார்கள்? அடுத்த வருடம், சந்தையை நடத்துகிறவனே அதில் வியாபாரியாகவும் இருக்கக் கூடாது என்று மசோதா கொண்டுவந்தார். குழுவில் நூலிழையில் தேறியது, சபைக்கு வரவில்லை.

இதுவரை புகழ்ந்துவிட்டேன். இனி எனக்கு ஆறாத விஷயம்.

2021-ல் சபையில் ஜனநாயகக் கட்சியின் முற்போக்கு உறுப்பினர் குழுவுக்கு ஜெயபால் தலைவர், கிட்டத்தட்ட நூறு பேர் அவர் பின்னால். பைடன் இரண்டு திட்டங்களை முன்வைத்தார். ஒன்று சாலை, பாலம், ரயில் என்று எல்லோருக்கும் பிடித்தது. இன்னொன்று குழந்தைகள், முதியோர் பராமரிப்பு, பருவநிலை என்று பணக்காரர்கள் வரியில் நடக்க வேண்டியது, ஆரம்பத்தில் 3.5 லட்சம் கோடி டாலர் என்று பேசப்பட்டது. இரண்டு மாட்டையும் ஒரே வண்டியில் பூட்டினால்தான் ஓட்டுவோம் என்று ஜெயபால் நின்றார். செப்டம்பர் கடைசியில் சபாநாயகர் நான்சி பெலோசி குறித்த நாளில் பாலம் மசோதாவின் ஓட்டெடுப்பு நடக்காமல் ஜெயபால் செய்தார். அது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் நவம்பர் 5-ம் தேதி இரவு பூட்டை அவிழ்த்துவிட்டார். அதே கட்சியின் நடுநிலைக்காரர்கள் சிலர் எழுதிக்கொடுத்த உறுதிமொழியை நம்பி, பாலம் மசோதாவை 228-க்கு 206 என்று நிறைவேறவிட்டார். ஜனநாயகக் கட்சியில் ஆறு பேர் மட்டும் மறுத்தார்கள். நடுநிலைக்காரர்கள் சொன்னபடி நவம்பர் 19-ல் இரண்டாவது மசோதாவுக்கும் ஓட்டுப் போட்டார்கள், அதை மறைக்கக் கூடாது. கழுத்தறுப்பு நடந்தது செனட்டில். டிசம்பர் 19-ல் அதே கட்சி செனட்டர் ஜோ மான்ச்சின் தொலைக்காட்சியில் வந்து முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார், அவர் ஓட்டு இல்லாமல் அங்கே மசோதா தேறாது. ஜெயபாலிடம் அப்போது பிடித்துவைக்க ஒன்றும் மிச்சமில்லை. பிடித்துவைத்திருந்தாலும் மான்ச்சின் மசிந்திருக்க மாட்டார் என்பார்கள் அவரது ஆதரவாளர்கள். இருக்கலாம். கையெழுத்து வாங்கிக்கொண்டு சரக்கை அனுப்பிவிட்டுப் பிறகு பணத்துக்கு அலைகிற வியாபாரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

இதில் நஷ்டம் யாருக்கு என்று பாருங்கள். அந்த வருடம் ஜூலை முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் 250 டாலர், ஆறு வயதுக்குக் கீழே என்றால் 300 டாலர் வரை பெற்றோர் கணக்கில் விழுந்தது. அதை நீட்டிக்கும் ஏற்பாடு இரண்டாவது மசோதாவில்தான் இருந்தது. அது செத்ததும் பணம் நின்றது. உதவிகளையும் வருமானமாகச் சேர்த்துப் பார்க்கும் அரசுக் கணக்குப்படி குழந்தைகள் வறுமை 2021-ல் 5.2 சதவீதம், 2022-ல் 12.4 சதவீதம். ஒரே வருடத்தில் இரு மடங்குக்கு மேல். 2022 ஆகஸ்டில் சுருங்கிப்போன ஒரு சட்டம் வந்தது, பெரிய கம்பெனிகளுக்குக் குறைந்தபட்சம் 15 சதவீத வரி, மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டில் இருக்கும் முதியவர்களுக்கு இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகாது என்றெல்லாம் நல்லது இருந்தது. ஜெயபால் குழுவும் ஆதரித்தது. குழந்தைகளுக்கான அந்த மாதப் பணம் மட்டும் அதில் இல்லை.

எல்லோருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு என்ற மசோதாவுக்குச் சபையில் முதல் கையெழுத்து இவருடையது, 2019-ல் நூறு பேருக்கு மேல் சேர்ந்து கையெழுத்திட்டார்கள், இன்னும் கனவுதான். அதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், நான் நீட்டவில்லை.

யாரும் எழுதாத ஒன்றைச் சொல்லி விடுகிறேன். 2019 ஜூலையில் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கான உரிமை மசோதாவை இரண்டு பேர் கொண்டுவந்தார்கள். செனட்டில் கமலா ஹாரிஸ், சபையில் ஜெயபால். ஒருவரின் அம்மா சென்னையில் பிறந்தவர், இன்னொருவர் தானே சென்னையில் பிறந்தவர். 1935-ல் அமெரிக்காவில் தொழிற்சங்க உரிமைச் சட்டம் வந்தபோதும் 1938-ல் கூலிச் சட்டம் வந்தபோதும் வீட்டு வேலைக்காரர்களையும் பண்ணை ஆட்களையும் வெளியே நிறுத்திவிட்டார்கள். கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும் பகுதி அந்த வேலைகளில்தான் இருந்தார்கள். கூலிச் சட்டத்துக்குள் வீட்டு வேலைக்காரர்களில் பலர் 1974-ல்தான் வந்தார்கள், சங்கச் சட்டத்துக்குள் இன்றுவரை இல்லை. எழுத்தில் ஒப்பந்தம், சம்பளத்தோடு நோய் விடுப்பு, வேலை நேரத்தை முன்கூட்டியே சொல்வது, இவைதான் இவர்கள் கேட்டதில் முக்கியமானவை. அதுவும் நிறைவேறவில்லை. ஹாரிஸின் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் வைத்த பேனர்களைப் பக்கம் பக்கமாகப் படம் போட்ட நம் பத்திரிகைகளில் இந்த மசோதாவைப் பெரிதாகப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

அடுத்த முறை எழுதும்போது அந்த நான்கு வரியில் ஒரு வரியை இதற்கு ஒதுக்குங்கள். இடம் போதாது என்றால், எத்தனை வயதில் விமானம் ஏறினார் என்பதை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
திருச்சி