அபெனாவுக்கு, மக்கோலாவிலிருந்து

அக்ரா,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அபெனா,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளாக நீ வீட்டுப் பக்கம் வரவில்லை. நான் அனுப்பிய குரல் செய்திகளை எல்லாம் கேட்டுவிட்டாய் என்பதைக் கைப்பேசியே காட்டிக்கொடுக்கிறது, பதில்தான் வரவில்லை. அதனால் எழுதி, கோஃபியிடம் கொடுத்தனுப்புகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. மழை தொடங்கிவிட்டது, கொசுவலை கட்டாமல் தூங்காதே.

இங்கே மக்கோலா சந்தையில் விற்பனை மந்தம். டெமா ஆலைத் துணியில் இருக்கும் அதே பூவை அதே நிறத்தில் சீனாவில் அச்சடித்துக் கொண்டுவந்து பாதி விலைக்கு இறக்குகிறார்கள். நேற்று ஒருத்தி ‘சிக்கா வோ ந்தபான்’ கேட்டு வந்தாள். பணத்துக்குச் சிறகு உண்டு என்று பெயர் வைத்த துணிக்கு, தன் பணம் மட்டும் பறக்கக் கூடாது என்று ஒரு மணி நேரம் பேரம் பேசி, கடைசியில் 2 கஜம்கூட வாங்காமல் போனாள்.

வியாழக்கிழமை எங்கள் துணிக்கடைக்காரிகளின் தலைவி, ஓஹெம்மா, எல்லோரையும் கூட்டினார். நடைபாதையில் விற்பவர்களைக் காலி செய்யச் சொல்லி ஒரு காகிதம் வந்திருக்கிறது என்றார். கடைக்குள் உட்கார்ந்திருக்கும் எனக்கு அதனால் நேரடியாக ஒரு கேடும் இல்லை. வெளியே குடை போட்டுத் தக்காளி விற்கும் உன் எஸி அத்தைக்குத்தான் கேடு. அந்தக் காகிதத்தோடு ஒரு வரைபடமும் இருந்தது. எங்கள் தெரு, வாய்க்கால், ட்ரோட்ரோ வேன்கள் நிற்கும் இடம் எல்லாம் அதில் அளவு பிசகாமல் இருந்தன. அத்தையின் குடை நிற்கும் இடத்தில் ஒரு பச்சைக் கோடு மட்டும் இருந்தது. கீழே மூலையில், வரைந்தவர் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. நான் அன்று கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். அத்தையிடம் படித்துச் சொல் என்று கேட்கவில்லை.

என் மகள் நகரத்தையே வரைகிறாள் என்று மக்கோலா முழுவதும் சொல்லித் திரிந்தவள் நான். மிளகாய்க்காரிகளும் மீன்காரிகளும் இன்றும் உன்னைப் பற்றி விசாரிக்கிறார்கள். உன் படிப்புக்கு யாரும் உதவித்தொகை தரவில்லை என்பது உனக்கு நினைவிருக்க வேண்டும். ஒவ்வொரு நாள் மாலையும், தினச் சேமிப்பு வசூலிக்கும் சூசூக்காரர் வந்து நிற்பார். விற்றாலும் விற்காவிட்டாலும் அன்றைய பங்கை அவர் கையில் வைப்பேன். மாதக் கடைசியில் ஒரு நாள் பணத்தைத் தன் கூலியாக எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார், அந்த மீதி நேரே உன் கட்டணத்துக்குப் போகும். இதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று நினைத்தே தொடங்கினேன், சொல்லிவிட்டேன். கொசுவலையை மறக்காதே.

உன் பாட்டியின் கதையை நூறு முறை கேட்டிருக்கிறாய், நூற்றொன்றாவது முறையும் பொறுத்துக்கொள். 1924-இல் திறந்த சந்தையை 1979 ஆகஸ்டில் சிப்பாய்கள் வெடிவைத்துத் தகர்த்தபோது எனக்கு 12 வயது. விலைவாசி ஏறியதற்குக் கலபூலே என்ற பதுக்கலும் கொள்ளை லாபமும்தான் காரணம், கலபூலே செய்பவர்கள் சந்தைப் பெண்கள்தான் என்று ஊரே நம்பியது. இறக்குமதி உரிமம் யார் யார் கைக்குப் போயிற்று என்று கேட்டவர்கள் குறைவு. துணிக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற பெண்களுக்குத்தான் சாட்டையடி விழுந்தது. இடித்த இடம் பிறகு வண்டி நிறுத்தும் இடமாயிற்று. உன் பாட்டி அதன் ஓரத்தில், நடைபாதையில், கைமேல் நான்கு துணித் துண்டுகளைப் போட்டுக்கொண்டு மறுபடியும் தொடங்கினாள். நம் வீட்டுச் சோறு அந்த நடைபாதையில் வந்தது, அபெனா. அப்போதும் யாரோ ஒருவர் கையில் ஒரு வரைபடம் இருந்திருக்கும்.

இப்படி எழுதிவிட்டு அரை மணி நேரம் பேனாவைக் கீழே வைத்திருந்தேன். உன்னைக் குற்றம் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று யோசித்தேன். வியாழக்கிழமை மாலை ஒரு லாரி போயிற்று. யாருடைய ஆட்கள் என்று கேட்கும் துணிவு எவருக்கும் இல்லை. பறித்த மேசைகள், குடைகள், அவற்றின் மேல் சுமை தூக்கும் காயாயேப் பெண்களின் அலுமினியப் பேசின்கள் ஒன்றுக்குள் ஒன்றாக. எல்லோரும் சபித்தார்கள். நான் மட்டும் வாய் திறக்கவில்லை.

பின்கட்டில் குழாயடியில் இருக்கும் பேசின், விளிம்பில் சிவப்புச் சாயம் அடித்தது, நீ பள்ளிச் சீருடையை ஊறவைத்தது: அது எங்கே வாங்கியது என்று ஒருமுறை நீ கேட்டாய், கடையில் என்றேன். அது கடையில் வாங்கியது அல்ல. 2007 ஜூலையில், நம் ‘செடி’ நாணயத்தில் நான்கு சுழியங்களை வெட்டிய மாதத்தில், டோகோவின் லோமேயிலிருந்து வந்த என் பொதியை டுடு பேருந்து நிலையத்திலிருந்து சுமந்துவர ஒரு பெண்ணைப் பிடித்தேன். வடக்கிலிருந்து வந்தவள், 17 வயதுகூட இருக்காது, முதுகில் பால்குடிப் பிள்ளை. பழைய பணத்தில் 10,000 கேட்டாள். அது புதுப் பணத்தில் ஒரே ஒரு செடி. நான் அதிலும் பாதிதான் என்றேன், ஒப்புக்கொண்டாள். மழையில் வாய்க்கால் பலகை வழுக்கி விழுந்தாள். விழும்போது முதுகுப் பிள்ளையைக் காப்பாற்ற ஒருபுறமாகச் சாய்ந்ததால் பொதி முழுவதும் சாக்கடைக்குள் போயிற்று. எனக்கு அந்தப் பிள்ளை கண்ணில் படவில்லை, துணிதான் பட்டது. கூலி கொடுக்கவில்லை, நஷ்டத்தைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள் என்று பேசினைப் பிடுங்கிக் கடைக்குள் பூட்டினேன். அவர்கள் பலர் பேசினையும் வாடகைக்குத்தான் எடுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாதது அல்ல. தெரிந்த அரைகுறை ட்வி மொழியில் மூன்று நாள் வந்து கெஞ்சினாள். நான்காம் நாள் வரவில்லை. துணியை அலசி, காயவைத்து, கொஞ்சம் விலை குறைத்து விற்றேன். அந்த மாதம் உன் கட்டணத்தை நாள் தவறாமல் கட்டினேன்.

அவள் பெயரைக் கேட்டுவைக்கவில்லை. வெள்ளிக்கிழமை பேசினைத் துலக்கி எடுத்துக்கொண்டு டுடுவுக்குப் போனேன். நிழலில் உட்கார்ந்திருந்த பெண்கள், சுமை தர வந்திருக்கிறேன் என்று எண்ணி எழுந்து ஓடிவந்தார்கள். கதையைப் பாதி சொன்னதும் ஒருத்தி சிரித்தாள். 2007-இல் அவள் பிறந்தே இருக்கமாட்டாள். அந்த முதுகுப் பிள்ளைக்கும் இப்போது 18 வயதாவது ஆகியிருக்கும். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், பேசினைத் தலையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினேன். துணிக்கார அம்மாவின் தலையில் பேசினா என்று தெருவே பார்த்தது.

அடுத்த ஞாயிறு வா. கோஃபி கார் கொண்டுவருவான். வெள்ளை மீனும் கெங்கேயும் செய்கிறேன், ஷிட்டோ உனக்குத் தனியாக எடுத்துவைத்திருக்கிறேன். வேலை அதிகம் என்றால் அரை மணி நேரம் போதும். என் மூக்குக்கண்ணாடி, பைபிளுக்கு அடியில், கிடைத்துவிட்டது. ஓஹெம்மாவிடம் கேட்டு அந்தக் காகிதத்தை வாங்கி வைத்திருக்கிறேன். நீ வரும்வரை பிரிக்கமாட்டேன்.

உன் அம்மா.