மணியத்துக்கு, மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து

அன்புள்ள மணியம்,

நலம். நீயும் சாந்தியும் பிள்ளைகளும் நல்லா இருக்கிறீர்கள் என்று வாசு சொன்னான். தீபாவளிக்கு அப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை என்று திட்டுவாய். திட்டு, நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

சீனர்கள் சூப் வைத்துக் குடிக்கிற கூட்டுக்காக நாம் குருவி வளர்க்கிறோமே, அந்தக் குருவி வீட்டில் திருடர்கள் புகுந்துவிட்டார்கள் மணியம். அன்றைக்கே போனில் சொல்லப் பார்த்தேன், நீ ஜொகூர் பாலத்தில் ஜாமில் நின்றுகொண்டு "அப்புறம் பேசறேன்டா" என்று வைத்துவிட்டாய். அதுவும் நல்லதுக்குத்தான், இது ஹார்ன் சத்தத்துக்கு நடுவே சொல்லி முடிக்கிற விஷயமில்லை. நிலம் உன் அப்பா விட்டுப்போனது, கட்டடம் நான் எழுப்பியது, கூலி இல்லாமல் உழைத்தது என் மச்சினன் செல்வம். இனிமேல் என்ன செய்வது என்பதில் உன் வார்த்தை எனக்கு வேண்டும். செல்வம் இதற்குள் உனக்கு போன் பண்ணியிருப்பான். அவன் பேச்சை மட்டும் கேட்டுவிட்டு "சரி மச்சான்" என்று தலையாட்டிவிடாதே, இதை முழுக்கப் படி. எப்போதும் கடைசியாகப் பேசியவன் பக்கம் சாய்கிற ஆள் நீ, தண்ணித்தொட்டி கேஸிலேயே பார்த்தாச்சு.

அன்றைக்கு ராத்திரி நல்ல மழை. செம்பனைக் காட்டுப் பக்கமாக வந்து வேலியை அறுத்து, கேமரா வயரை வெட்டி, இரும்புக் கதவின் பூட்டை உடைத்திருக்கிறார்கள். கீழ்மாடியை விட்டுவிட்டு நேராக மேலே போயிருக்கிறார்கள், வெள்ளைக் கிண்ணக் கூடு எங்கே அதிகம் என்று தெரிந்தவர்கள்தான். காலையில் நான் போனபோது கதவு திறந்து கிடந்தது, உள்ளே வெளிச்சம். அந்த வீட்டுக்குள் வெளிச்சத்தை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். பலகையில் வரிசையாக வெள்ளை வெள்ளையாகத் தழும்பு, சுரண்டிய இடம். மூலையில் இருந்த முக்கோணக் கூடுகளை மட்டும் விட்டிருந்தார்கள், அதற்கு விலை குறைவு.

தரையைப் பற்றி எழுத எனக்கு மனசு வரவில்லை, ஆனால் நீ தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். முட்டைகள் நசுங்கிக் கிடந்தன. குஞ்சுகள், இறகு முளைக்காததும் பாதி முளைத்ததும், எச்சத்தின் மேல் கிடந்தன. சிலதுக்கு உயிர் இருந்தது. அதன் கால் எப்படி என்று உனக்குத் தெரியாது மணியம். இந்தக் குருவி மற்ற குருவி மாதிரி கம்பியில் உட்காராது, உட்கார முடியாது, செங்குத்துச் சுவரில் நகத்தால் தொங்கத்தான் அந்தக் கால். ஒரு குஞ்சைக் கையில் எடுத்தேன், அது என் சட்டைத் துணியை அந்த நகத்தால் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தேவியும் நானும் உயிரோடு இருந்ததை எல்லாம் பொறுக்கி, மிச்சமிருந்த மூலைக் கூடுகளில் ஒன்றிரண்டாக வைத்தோம். பாதிக்கு மேல் மறுநாளே போய்விட்டது. மற்றதை அந்த வீட்டுத் தாய்ப்பறவைகள் ஏற்றுக்கொண்டு ஊட்டுகின்றன என்றுதான் தோன்றுகிறது, இன்னும் உயிரோடு இருக்கின்றன.

நீ கடைசியாக வந்தபோது காலி வீட்டைத்தான் பார்த்தாய், குருவியை வரவழைக்க ஸ்பீக்கரில் போட்ட குருவிச் சத்தத்தைக் கேட்டு "யாருக்குடா இந்தக் கச்சேரி?" என்று சிரித்தாய். அப்புறம் நடந்ததை நீ பார்க்கவே இல்லை. கூடு கட்ட மெராந்தி மரப் பலகை அடித்து, சுவரில் குருவி எச்சம் கரைத்துப் பூசி, உள்ளே 26 முதல் 30 டிகிரிக்குள் சூடு, 80 முதல் 90 சதவீதம் ஈரம், கும்மிருட்டு, எல்லாம் சரியாக வைத்தும் வருஷக்கணக்கில் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடும். செல்வம் ஸ்பீக்கரை மாற்றுவான், நுழையும் ஓட்டையின் திசையை மாற்றலாமா என்பான். அப்புறம் ஒரு ராத்திரி நாலைந்து தங்கின. அந்த நாலைந்து தங்கியதைப் பார்த்து மற்றது வந்தது. அந்த இருட்டில் அதுங்கள் எப்படிப் பறக்கிறது தெரியுமா? டிக் டிக் என்று வாயால் ஒரு சத்தம் எழுப்பும், அது சுவரில் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்டுத்தான் தன் பலகையைக் கண்டுபிடிக்கும். இத்தனை பறவைக்கு நடுவே தன் இடம், அதே பலகை, அதே முனை. கூடு போனாலும் அதே இடத்துக்குத்தான் வரும். திருட்டு நடந்த மறுநாள் சாயங்காலம் நான் வாசலில் நின்றேன். வந்தது, உள்ளே போனது, வெளியே வந்து ஓட்டையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. வெகுநேரம்.

இப்போது செல்வம் சொல்வதைச் சொல்கிறேன், நியாயமாகவே சொல்கிறேன். திருடன் ஒரு தடவை வந்த வீட்டுக்கு மறுபடி வருவான், அதனால் இருக்கிற கூட்டை எல்லாம் இப்பவே எடுத்துவிடு, முட்டை இருந்தாலும் சரி, குஞ்சு இருந்தாலும் சரி, விட்டுவைத்தால் அதையும் அவன்தான் எடுப்பான் என்கிறான். குஞ்சு வளர்ந்த கூட்டில் இறகும் அழுக்கும் ஏறிவிடும், ஊறவைத்து ஊசி மாதிரி இடுக்கியால் ஒவ்வொரு இறகாகப் பொறுக்கணும், கூடு வாங்குகிற முதலாளி, நம் தவுக்கே, விலையைக் குறைப்பார், முட்டை வைப்பதற்கு முந்தி எடுத்தால்தான் சுத்தமான கூடு, நல்ல விலை. இதில் பொய் ஒன்றும் இல்லை. முட்டை வைக்காத காலிக் கூட்டை எடுத்தால் குருவி மறுபடி கட்டும், அதுவும் நிஜம். சபாவில் கோமந்தோங் குகையில் பிரம்பு ஏணி கட்டி ஏறுகிறவர்களும் அரசாங்க அனுமதிப்படி ஒரு அறுவடையை முட்டைக்கு முந்தி எடுப்பார்கள், அடுத்ததைக் குஞ்சு பறந்த பிறகுதான் எடுப்பார்கள்.

ஆனால் செல்வம் அந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை.

கணக்கைப் பார். கூடு கட்டவே ஒரு மாசத்துக்கு மேல், வேறு எதுவும் இல்லை, எல்லாம் அதன் எச்சில். நீ ஒரு கூட்டை நனைத்துப் பார்த்தால் சேமியா மாதிரி இழை இழையாகப் பிரியும், ஒவ்வொரு இழையும் அது வாயிலிருந்து இழுத்து ஒட்டியது. அப்புறம் இரண்டு முட்டை, அது பொரிய மூன்றரை வாரம் போல. குஞ்சு பறக்க இன்னும் ஆறு வாரம். காய்ந்த கூடு ஏழெட்டு கிராம்தான் இருக்கும், ஒரு கிலோ சேர நூற்றுக்கு மேல் கூடு வேணும். அப்படியென்றால் செல்வம் சொல்கிறபடி ஒரு கிலோ எடுக்க எத்தனை குஞ்சைத் தரையில் தள்ளணும்? அவன் கேட்கிற விலை அதுதான். அதைத்தானே அந்த ராத்திரி வந்தவனும் செய்தான்? இவன் பகலில் சாவி போட்டுத் திறந்து செய்வான், அவ்வளவுதான் வித்தியாசம். இதை அவன் முகத்துக்கு நேரேயே சொன்னேன். கோபித்துக்கொண்டு தேவியிடம் போய் "உன் புருஷன் என்னைத் திருடன் என்கிறான்" என்று அழுதான். அக்கா தம்பிக்கு நடுவில் நான் மாட்டிக்கொண்டு சாப்பாடு இறங்கவில்லை. அவன் கெட்டவன் இல்லை மணியம், உனக்கே தெரியும். பயந்து போயிருக்கிறான். மகளைக் காலேஜில் சேர்க்கணும், அதற்கு இந்தக் கூட்டைத்தான் நம்பியிருந்தான். அவன் பங்கில் போன பணத்தை என் பங்கிலிருந்து கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நீ அதற்கு ஒன்றும் சொல்லாதே, அது என் வீட்டு விஷயம்.

அவன் இன்னொன்றும் சொல்வான், 2011 மாதிரி மறுபடி வந்தால் என்ன பண்ணுவே என்பான். அந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும், நீதான் பேப்பரைக் கொண்டுவந்து காட்டினாய். சீனாவில் சிவப்புக் கூட்டில் நைட்ரைட் என்கிற உப்பு அளவுக்கு மேல் இருக்கிறது என்று கண்டுபிடித்து நம் நாட்டுக் கூட்டை வாங்குவதையே நிறுத்திவிட்டான். விலை பாதிக்கும் கீழே போய், ஊரில் கடை வீட்டு மாடியை அடைத்து ஸ்பீக்கர் வைத்தவன் எல்லாம் தலையில் கைவைத்தான். 2012-ல் ஒப்பந்தம் போட்டார்கள், கிலோவுக்கு 30 மில்லிகிராம் நைட்ரைட்டுக்கு மேல் இருக்கக்கூடாது, கால்நடை இலாகாவில் பதிந்த வீட்டுக் கூடுதான் போகலாம் என்று. அது ஏன் வந்தது? எச்சத்தைக் கூட்டவே இல்லை, காற்று போகவே இல்லை, தரையில் குவிந்து புளித்து அதிலிருந்து கிளம்புகிற ஆவி கூட்டில் ஏறியது. அது குருவியின் ரத்தம் என்று சொல்லி விற்றானே, அந்தச் சிவப்பும் அங்கிருந்துதான். அந்தச் சரிவு குருவியால் வந்ததில்லை, வீட்டைக் கவனிக்காததால் வந்தது. நாம் எச்சத்தைக் கூட்டுகிறோம், பதிந்திருக்கிறோம், அழுக்கு ஏறிய கூட்டுக்கு விலை கொஞ்சம் குறையட்டும், அதில் குடி முழுகிப்போகாது. குஞ்சு பறக்காத வீட்டில் அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்? இருக்கிற பறவை கிழடாகி ஒவ்வொன்றாகக் குறையும், வெளியே என்ன பாட்டுப் போட்டாலும் ஒன்றும் ஏறாது. பாகான் டத்தோ ரோட்டில் அப்படி இரண்டு மூன்று காலிக் கட்டடம் நிற்கிறது, வரும்போது காட்டுகிறேன்.

போலீஸில் ரிப்போர்ட் கொடுத்தாச்சு. யார் என்று கேட்டால் செல்வம் கைகாட்டுவது கூட்டிப் பெருக்க வந்த அந்த இந்தோனேசியப் பையனை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவன்தான் அன்றைக்குக் குஞ்சு பொறுக்க முதலில் குனிந்தவன். எனக்கு உள்ளே உறுத்துவது வேறு. நம் பிள்ளைகளாகவே இருக்கலாம் என்று தோன்றுகிறது. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தை இடித்துவிட்டு, வேலைக்கு வெளியாட்களைக் கொண்டுவந்த பிறகு, நாம் சேர்ந்து பந்து உதைத்த அந்தத் திடலில் ராத்திரி பத்து மணிக்கு மோட்டார் வைத்துக்கொண்டு நிற்கிற பையன்களை நீ பார்க்கணும். பாதிப்பேர் நம்மோடு படித்தவன் பிள்ளை. கறுப்பாயி அக்கா பேரனும் அதில் இருக்கிறான். கூட்டைச் சுரண்டியவனைப் பிடித்து அடைக்கணும் என்று ஒரு பக்கம் கொதிக்கிறது, அவன் முகத்தைப் பார்த்தால் என்ன சொல்வேன் என்று இன்னொரு பக்கம் பயமாக இருக்கிறது. இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

சரி, உன்னிடம் நான் கேட்பது இது. அடுத்த மூன்று மாசத்துக்கு ஒரு கூட்டிலும் கை வைக்க வேண்டாம். அப்புறம் பழையபடி, கோலில் கட்டிய கண்ணாடியை வைத்து டார்ச் அடித்து ஒவ்வொரு கூடாகப் பார்த்து, குஞ்சு பறந்துபோன கூட்டை மட்டும் தண்ணீர் தெளித்து எடுக்கலாம். பின்பக்கக் கதவுக்குச் செங்கல் அடைத்துவிட்டு, முன்னால் இரண்டாவது இரும்புக் கதவு போட ஆள் பேசியிருக்கிறேன். கேமரா வயரைச் சுவருக்குள் இழுக்கச் சொன்னேன். தவுக்கேயிடமும் பேசினேன், ரசீது இல்லாத கூட்டை யாராவது கொண்டுவந்தால் வாங்க மாட்டேன், உனக்கும் சொல்கிறேன் என்றார். அவர் சொன்ன சொல் மாறுகிறவர் இல்லை. மற்றவர்கள் மலிவாகக் கிடைத்தால் வாங்கிக் கலந்துவிடுவார்கள், அதுதான் எனக்குக் கோபம். வாங்க ஆள் இல்லாவிட்டால் திருட எவன் வருவான்?

பணம் அனுப்பாதே, இப்போதைக்கு வேண்டாம். செல்வத்துக்கு நீயே போன் பண்ணு. நான் சொன்னதாக இல்லாமல், நீ சொல்வதாகச் சொல். என்னைவிட உன் பேச்சுக்குத்தான் அவன் கட்டுப்படுவான், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். முடிந்தால் மாசக் கடைசியில் இரண்டு நாள் லீவு போட்டு வா. சாயங்காலம் ஏழு மணிக்கு முந்தி வந்துவிடு, பெர்ணம் ஆற்றுப் பக்கமிருந்து திரும்பி வருவதைப் பார்க்கலாம். இப்போது முன்னைவிடக் குறைவுதான், ஆனாலும் வருகிறது.

சாந்தியிடம் அந்த ஊறுகாய் இன்னும் பாதி இருக்கிறது என்று தேவி சொல்லச் சொன்னாள். சின்னவன் எஸ்.பி.எம். பரீட்சை ரிசல்ட் என்ன ஆச்சு? வாசு கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறான், நீயாவது சொல்.

கோவிந்தன்