உன்ற பேருக்கும் ஒரு அட்டை போடு கண்ணு

கண்ணு,

போன்ல சொன்னா "சரிம்மா சரிம்மா"ன்னு வெச்சிருவ, பின்னாடி பாப்பா அழுவா, குக்கர் விசிலடிக்கும், அதனாலதான் உக்காந்து டைப் பண்றேன். நீளமாத்தான் வரும், ஆபீஸ் வண்டியில போறப்ப படிச்சுக்க.

பெரியவனுக்கு பல் டாக்டர் என்னைக்கு, மாப்பிள்ளைக்கு பிரஷர் மாத்திரை எத்தனை மிச்சமிருக்கு, உங்க அத்தைக்கு கண் ஆபரேஷனுக்கு அப்புறம் சொட்டு மருந்து எத்தனை வேளை, பாப்பாவோட ஊசி அட்டை எந்த அலமாரில, இதெல்லாம் தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லுவ. உனக்கு கடைசியா எப்ப சுகர் பாத்தேன்னு போன வாரம் கேட்டேன், "அதெல்லாம் டெலிவரியோட போயிருச்சும்மா"ன்னுட்ட. அந்த ஒரு பதில்தான் மனசுல கெடந்து அறுக்குது.

அது போகல சாமி. பாப்பா வயித்துல இருந்தப்ப இன்சுலின் போட்டியே, பொறந்த மறுநாளே சுகர் எறங்கிருச்சு, ஊசியை நிறுத்திட்டாங்க, அதெல்லாம் உண்மைதான். ஏன் எறங்குச்சுன்னு யாரும் உனக்கு உக்காந்து சொல்லிருக்க மாட்டாங்க. நஞ்சுக்கொடில இருந்து சுரக்கற ஹார்மோன்தான் நம்ம இன்சுலினை வேலை செய்ய விடாம தடுக்கறது, பிள்ளையோட நஞ்சுக்கொடியும் வெளிய வந்ததும் அந்த தடை நீங்கிருது, அதனால சுகர் எறங்குது. ஆனா திம்பம் மலை ஏறறப்ப திணறுன வண்டி சமதரையில நல்லாத்தானே ஓடும், அதுக்காக இஞ்சின்ல குறையில்லைன்னு ஆயிருமா? உன்ற கணையத்துக்கு பாரம் கூடுனா தாங்காதுன்னு அந்த ஒம்பது மாசம் காட்டிக் குடுத்துருச்சு. கர்ப்பத்துல சுகர் வந்த பொம்பளைக்கு பிற்காலத்துல நெசமான சுகர் வர வாய்ப்பு, வராதவங்களை விட 7 மடங்குல இருந்து 10 மடங்கு வரைக்கும் ஜாஸ்தி. உன்ற அப்புச்சிக்கு சுகர், எனக்கு சுகர், அதையும் சேத்து வெச்சு பாரு.

நர்சம்மாவா ஊர் ஊரா சுத்துன காலத்துல இதைத்தான் நான் திரும்பத் திரும்ப பாத்தேன். 2007லயே நம்ம தமிழ்நாட்டுல எல்லா கர்ப்பிணிகளுக்கும் சுகர் பாக்கணும்னு கொண்டு வந்துட்டாங்க. சென்னை டாக்டர் சேஷையா இதுக்காக எவ்வளவோ பாடுபட்டாரு, அவரு பொறந்த நாளு மார்ச் 10ஐத்தான் இப்ப நாடு முழுக்க கர்ப்பகால சர்க்கரை விழிப்புணர்வு நாளா வெச்சிருக்காங்க. 75 கிராம் குளுக்கோஸை தண்ணில கரைச்சு குடிக்க வெச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்போம், 140ஐ தொட்டா உடனே டாக்டர்கிட்ட அனுப்பிருவோம். வயித்துல பிள்ளை இருக்கற வரைக்கும் அந்த தாயை ஊரே தாங்கும். செக்கப்புக்கு வரலைன்னா நாங்களே வீடு தேடிப் போவோம். பிள்ளை பொறந்துருச்சுன்னா அட்டை பிள்ளை பேருக்கு மாறிரும். ஒன்றரை மாச ஊசிக்கு தூக்கிட்டு வர்றப்பவே தாய்க்கும் திரும்ப குளுக்கோஸ் குடுத்து சுகர் பாக்கணும்ங்கறதுதான் முறை, "இரு தாயி, உனக்கும் ரத்தம் எடுக்கணும்"பேன், "எனக்கு என்னக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன், பிள்ளைக்கு ஊசி போட்டா போதும்"னு பஸ்சை புடிக்க ஓடிருவாங்க. அப்படி ஓடுன பிள்ளைகள்ல சிலரை பத்து பதினஞ்சு வருஷம் கழிச்சு ஆறாத புண்ணோடவும் மங்குன கண்ணோடவும் பாத்துருக்கேன். எல்லாரும் நல்ல பிள்ளைக, குடும்பத்துக்காக ஓடாத் தேஞ்சவங்க. அந்த வரிசையில உன்னை பாக்க எனக்கு மனசு தாங்காது.

அதனால மொதல்ல டெஸ்ட், மத்ததெல்லாம் அப்புறம். ராத்திரி சாப்பிட்டதோட நிறுத்திட்டு காலைல வெறும் வயித்துல லேப்புக்கு போ, 75 கிராம் ஜிடிடி, அதான் அந்த குளுக்கோஸ் குடிச்சு பாக்கற டெஸ்ட், வேணும்னு கேளு. ரெண்டு மணி நேரம் அங்கயே உக்காரணும், ஒரு நாள் லீவு போட்டாலும் தப்பில்ல. ரெண்டு மணி நேர சுகர் 140க்கு கீழ இருந்தா சந்தோஷம், வருஷம் ஒருக்கா பாத்துட்டே இருப்போம். 140ல இருந்து 199 வரைக்கும் பார்டர், அதாவது சுகர் வர்றதுக்கு முந்தின நிலை. 200ஐ தொட்டா சுகர்தான், டாக்டர்கிட்ட போயிரணும், அதுக்கும் பயந்துக்காத, சீக்கிரம் தெரிஞ்சா நம்ம கைக்குள்ள வெச்சுக்கலாம். மூணு மாச ஆவரேஜ் காட்டற ஹெச்பிஏ1சி மட்டும் எடுத்துட்டு வந்து போதும்னு சொல்லாத, உனக்கு ரத்தம் கம்மி, இரும்புச்சத்து கொறைவா இருந்தா அந்த நம்பர் சரியா காட்டாது. அதனால ஹீமோகுளோபினும் சேத்து பாத்துரு, பொம்பளைகளுக்கு 12க்கு மேல இருக்கணும். மாப்பிள்ளை ஆபீஸ் இன்சூரன்ஸ்ல வருஷா வருஷம் செக்கப் பண்ணிக்கறாரு, உன்ற ஆபீஸ்லயும் அது இருக்குன்னு நீயே சொன்ன, இன்னும் ஏன் போகாம இருக்கற?

பார்டர்னு வந்தாலும் திருப்பலாம் கண்ணு, இது நான் ஆறுதலுக்கு சொல்றதில்ல. சென்னையிலயே டாக்டர் ராமச்சந்திரன் டீம் பார்டர்ல இருந்த நம்ம சனங்களை வெச்சே பாத்து 2006ல வெளியிட்டாங்க, சாப்பாட்டையும் நடையையும் மாத்துனவங்களுக்கு சுகரா மாறுறது நாலுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சுது.

இப்ப சாப்பாடு. நீ என்ன சாப்பிடறங்கறதை விட எப்படி சாப்பிடறங்கறதுதான் எனக்கு கவலை. இங்க லீவுக்கு வந்தப்ப பாத்தேன், காலைல எல்லாருக்கும் தோசை ஊத்தி குடுத்துட்டு நீ நின்னுக்கிட்டே பெரியவன் வெச்ச பாதி தோசை, பாப்பா பிச்சுப் போட்ட இட்லி, அவ்வளவுதான், அப்புறம் பதினோரு மணிக்கு டீயும் பிஸ்கட்டும். மத்தியானம் பசி தாங்காம ஒரு தட்டு சோறு. உனக்குன்னு தட்டு வெச்சு உக்காந்து சாப்பிடு. பிள்ளைக மிச்சம் வீணாப்போகுதுன்னா கம்மியா வெச்சு குடு, உன்ற வயித்துல போடாத. காலைல ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் பச்சைப்பயறோ இருந்தா பதினோரு மணி பசியே வராது. மத்தியானம் மொதல்ல பொரியலும் கொள்ளும் கீரையும் சாப்பிட்டுட்டு கடைசில சோறு, சோறு பாதியா தானா குறையும், சுகரும் மெதுவா ஏறும்.

ஒன்னு ரெண்டு விஷயம் நம்ம ஊர்க்காரங்களுக்கே தப்பா பதிஞ்சு போயிருக்கு. கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை நமக்கு பெருமைதான், ஆனா ரத்தத்துக்குள்ள போனா அதுவும் சர்க்கரைதான், டீல வெள்ளைக்கு பதிலா அதைப் போட்டா ஆகும்னு நினைக்காத. ராகியும் அப்படித்தான், நைசா அரைச்ச மாவை கூழா காய்ச்சி குடிச்சா வேகமா ஏறும், ரெண்டு ராகி அடையா முருங்கைக்கீரை போட்டு சுட்டு சாப்பிடு. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு டீ காபி வேண்டாம், கீரைல இருக்கற இரும்புச்சத்தை அது ஒட்ட விடாது.

நடை விஷயத்துல, ஜிம்முக்கு போக நேரமில்லைன்னு சொன்னா ஒத்துக்கறேன். வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடக்கணும்ங்கறாங்க, அதை ஒரே அடியா நடக்கணும்னு இல்ல. ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் கால் மணி நேரம் அபார்ட்மெண்டுக்குள்ளயே பிள்ளைகளையும் இழுத்துக்கிட்டு நட, சாப்பிட்ட உடனே நடந்தா ரத்தத்துல இருக்கற சர்க்கரையை தசை இழுத்துக்கும். பாத்திரம் அப்புறம் கழுவிக்கலாம். பாப்பாவுக்கும் அது நல்லது, தாய்க்கு கர்ப்பத்துல சுகர் இருந்தா பிள்ளைக்கும் பின்னாடி எடை கூடவும் சுகர் வரவும் வாய்ப்பு இருக்கு, இப்பவே ஓடி ஆடி பழகட்டும்.

தூக்கத்தைத்தான் நீ ரொம்ப மோசமா பண்ற. பிள்ளைக தூங்குன அப்புறம்தான் எனக்குன்னு நேரம்னு சொல்லிட்டு ஒரு மணி வரைக்கும் போன் பாக்கற. எனக்கு புரியுது, நாள் முழுக்க அடுத்தவங்களுக்கு ஓடுனவளுக்கு கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடாம இருக்கணும்னு தோணும். ஆனா அஞ்சு மணி நேரம் தூங்குனா மறுநா பசியும் கூடும், இன்சுலினும் சரியா வேலை செய்யாது. அந்த நேரத்தை ராத்திரில திருடாம பொழுதோட கேட்டு வாங்கு. மாப்பிள்ளை ஆபீஸ் விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் பிள்ளைக அவரு பொறுப்புன்னு சொல்லு. அவரு நல்லவரு, கேட்டா செய்வாரு, கேக்காமயே செய்யணும்னு நீ எதிர்பாத்துட்டு உள்ளுக்குள்ள பொருமாத. காலை டிபனுக்கு காய் நறுக்கறது அவரு செய்யட்டும். உங்க அத்தை ஏதாவது சொன்னா நான் பேசிக்கறேன், அவங்களும் சுகர் மாத்திரை போடறவங்கதான், அவங்களுக்கு புரியும்.

எல்லாரும் சாப்பிட்டு மிச்சத்தை சாப்பிடற தாயை நம்ம சனம் தெய்வம்ங்குது. நான் அதை ஒத்துக்கவே மாட்டேன் கண்ணு. பசியோட இருக்கறதுல ஒரு பெருமையும் இல்ல.

இன்னொன்னு, உனக்கு முப்பது தாண்டிருச்சு, கர்ப்பப்பை வாய் புற்றுநோய் டெஸ்ட்டும் ஒருக்கா எடுத்துரு, கொஞ்ச நேர வேலைதான், கூச்சப்படாத. கீழ அரிப்பு, அடிக்கடி நீர்க்கடுப்பு இதெல்லாம் இருந்தா மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லு, சுகர் ஏறுனாலும் அப்படி வரும்.

வர்ற வெள்ளிக்கிழமை பொழுதோட நான் கெளம்பி வர்றேன், சனிக்கிழமை காலைல பிள்ளைகளை நான் பாத்துக்கறேன், நீ லேப்புக்கு போ. ஞாயித்துக்கிழமை இங்க ஒரு காதுகுத்து இருக்கு, அதனால அன்னைக்கு காலைலயே பஸ் ஏறிருவேன். வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரைக்குள்ள சாப்பிட்டு முடிச்சிரு. மாப்பிள்ளைகிட்ட இன்னைக்கே சொல்லி வெய்யி.

அம்மா